நான்காம் மாடி, பத்து விநாடி

பகலெல்லாம் ஃபஹாஹீல் முழுக்க
ஏசி ஓட வைக்கிறவன் நான்.
இரவு பதினொன்றரைக்கு
எங்கள் அறை ஏசியை அணைக்கிறவனும் நான்தான்.
கம்ப்ரஸர் முனகி அடங்க அரை நிமிடம்.
அதன்பின் நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து.
அதற்குள் மெல்கியாஸ் ஒரு சரணத்தை முடித்தாக வேண்டும்.
ஆகஸ்ட் மாதம்.
ஆறாவது நிமிடத்தில்
தாடையிலிருந்து வேர்வை பாயில் சொட்டுவதை
மைக் எடுத்துவிடும்.

'நவம்பர் வரட்டும்' என்பான் துண்டால் துடைத்தபடி,
'முழுப் பாட்டும் ஒரே மூச்சில்.'

மைக் இருபத்தெட்டு தினார், மூன்று தவணை.
அதன் முன்னால் தையல் வளையத்தில்
இழுத்து மாட்டிய நைலான் காலுறை,
'ப' வரும்போது காற்று அறையாமல் இருக்க.
ஸ்டாண்ட், செத்துப்போன டேபிள் ஃபேனின் கழுத்து.
மற்றதெல்லாம் கமருதீன்.

லாண்டரியில் வேலை அவனுக்கு.
யாரும் திரும்பி வந்து கேட்காத கம்பளிகளை
வியாழன் இரவு தோளில் போட்டுக்கொண்டு
நாலு மாடி ஏறுவான்.
சனிக்கிழமை கடை திறக்குமுன்
அதே மடிப்பில் அதே அலமாரியில் இருக்கும்.
ஒவ்வொன்றின் மூலையிலும் துணிச்சீட்டில் ஒரு எண்.
4417, புலி, ஜன்னலுக்கு.
2096, ரோஜா, கதவுக்கு.
ஆள் யாரென்று தெரியாது.
அவர்கள் குளிரில்தான் எங்கள் சுவர் பேசாமல் இருந்தது.

பதினாலாவது டேக்கில் லிஃப்ட் வந்தது.
பதினேழில் மேல்வீட்டு எகிப்துக்காரர்
நாற்காலியை இழுத்தார்.
பத்தொன்பதாவது
எடுக்கும்போதே மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.
பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில்
பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் கத்துகிற அந்தத் தொண்டை
எங்கே ஒளித்து வைத்திருந்ததோ அதை.
கடைசி வரியில் கமருதீன் ஃபோன் அடித்தது.
அவன் மனைவி.
எடுத்துப் பேசு என்றோம்.
அவன் முடிக்கும்வரை
புலிக்கும் ரோஜாவுக்கும் நடுவில் வெந்துகொண்டு நின்றோம்.

பாட்டை மட்டும் எடுத்தால் போதாது.
பாடாத அறையையும் எடுக்க வேண்டும்.
பத்து விநாடி, யாரும் அசையாமல்.
அதைக் கம்ப்யூட்டரிடம் காட்டி
'இதைப் பாட்டிலிருந்து கழி' என்று சொல்ல வேண்டும்.
ஹெட்போனில் வால்யூமைக் கூட்டினால்
வெறும் அறை என்று ஒன்றும் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ்.
மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார்.
தூரத்து எண்ணெய் ஆலை,
விடாமல் ஒரே சுருதி, ஏறத்தாழ இரண்டரைக் கட்டை.
அப்புறம் காதுக்குப் பக்கத்தில், சன்னமாய், விசில் மாதிரி,
கமருதீனின் இடது மூக்கு.
சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளாது அவனுக்கு.
'கொஞ்சம் வெளியே நில்லுடா' என்றேன் ஒருநாள்.
போய் நின்றான்.
வராந்தா விளக்கு
ஆள் அசைந்தால்தான் எரியும்.
அவன் அசையவில்லை.

அக்டோபர் கடைசியில் லாண்டரி கைமாறியது.
புது முதலாளி தன் ஆட்களோடு வந்தார்.
விசா மாற்ற யார் யாரையோ பார்த்தான்.
பிறகு பெட்டியை எடை மெஷினில் ஏற்றி இறக்கி
ஏற்றி இறக்கி
முப்பது கிலோவுக்கு அடக்கினான்.
மெத்தையை இரண்டாம் மாடி நேபாளிக்கு
நாலு தினாருக்குக் கொடுத்தான்.
கம்பளிகள் எல்லாவற்றையும்
திருப்பி வைத்துவிட்டுத்தான் போனான்.

நவம்பர்.
அடுத்த வியாழன் இரவு உட்கார்ந்தோம்.
முதலில் வெறும் அறை, பத்து விநாடி.
திரையைப் பார்த்தேன். மூன்று டெசிபல் குறைவு.
ஸ்டூடியோக்காரர்கள் காசு கொட்டி வாங்குகிற மூன்று டெசிபல்.
மெல்கியாஸிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் வாயைத் திறந்தான்.
முதல் சொல் சுவரில் இடித்து
இரண்டாகத் திரும்பி வந்தது.

இன்னொரு தரம் பாடிப் பார்த்தான்.
ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.
'ஏசியைப் போடேன்' என்றான்.

போட்டேன்.
இரண்டு பேருக்கும் குளிர்ந்தது.