நான்காம் பக்கம்

பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
சீமெந்துத் தூசு படிந்த படிகளில் ஏறும்போதே
கரண்ட் பில்லின் முதுகில் நான் எழுதி வைத்த கேள்விகள்
கைவேர்வையில் கலங்கத் தொடங்கிவிட்டன.

புரோக்கர் விமலசூரிய சொல்லியிருந்தான்:
விக்கிறவரோட லோயரே போதும் அக்கா,
ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள், காசு மிச்சம்.
அதைத்தான் முதலில் கேட்டேன்.
நொத்தாரிசு நஸீஹா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"தராசும் அவங்க கையில, படிக்கல்லும் அவங்க கையில.
நீங்க என்னத்த நிறுப்பீங்க?"

எவ்வளவு எடுப்பீங்க?
நாள் முழுக்க பாண் விலை சொல்லும் என் வாய்க்கு
அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கூச்சம்.
அவர் தாளில் எழுதினார்: தன் பீஸ் தனி,
முத்திரை வரி தனி, தேடல் செலவு தனி,
பதுளைக்குப் போய்வர பஸ் காசுகூடத் தனி.
கூட்டிப் பார்த்தேன்.
என் சீட்டுக் காசு முழுதும்,
ஞானசெல்வத்தின் மரக்கறி லொறி
இரண்டு மாதம் தம்புள்ளைக்கு ஓடியதும்.

எத்தனை நாள் ஆகும்?
"அத பதிவகத்துப் புத்தகம்தான் சொல்லணும்.
முப்பது வருஷம் பின்னால போவோம்,
யாரு வித்தாங்க, யாரு ஈடு வச்சாங்க, யாரு மீட்கல்ல."
முப்பது வருஷம் பின்னால் போனால்
எங்கள் ஆட்களின் பெயர் எந்தப் புத்தகத்தில்?
செக்றோலில்.
பெயருக்கு நேரே கொழுந்தின் எடை.

முற்பணம்?
"தேடி முடியுமட்டும் ஒரு சதம் குடுக்காதீங்க."
புரோக்கருக்கு ஏற்கெனவே கொடுத்த ஐயாயிரத்தை
நான் சொல்லவில்லை.

விலாசம் என்று அவர் கேட்டபோது
பேனை கொஞ்ச நேரம் காத்திருந்தது.
ஏழாம் லயம், நாலாம் காம்பரா, மேல்பிரிவு.
கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும் மேடம்,
சில நேரம் பிரிச்சே வரும்.
அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுதினார்.

பதினெட்டாம் நாள் போன் வந்தது.
ஈடு இல்லை, வழக்கு இல்லை, பத்து பேர்ச்சும் சரி.
"படிக்கட்டுதான் பிரச்சினை."
றோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் முப்பத்திரண்டு படியும்
டிங்கிரி மெனிக்காவின் காணி.
விற்கிற பியதாச அந்த அம்மாவுக்கு மருமகன் முறை.
யாரும் யாரையும் கேட்டதில்லை, நடந்தார்கள்.
"வீடு உங்களுக்கு. போய்ச் சேர
பறக்கத் தெரியுமா?"
விக்கிறவரோட லோயர் இதப் பார்த்திருக்க மாட்டாரா,
ஞானசெல்வம் கேட்டார்.
"பார்த்திருப்பார்."

ஞாயிறு போனோம், பேக்கரி பட்டர் கேக்கோடு.
டிங்கிரி மெனிக்கா போஞ்சிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்.
எல்லாம் கேட்டார். கேக்கை வாங்கவில்லை.
மழைக்கு என் கூரைத் தண்ணி
உங்க பக்கமாத்தான் ஓடும்.
நாளைக்கு மதில் கட்டுவீங்களா?
என் சிங்களம் சந்தைச் சிங்களம்,
ஆனாலும் விளங்கியது:
அவரிடமும் ஒரு பில்லின் முதுகு இருந்தது.

எங்களுக்குப் படியில் வழி, தண்ணிக்கு எங்கள் காணியில் வழி.
மேடம் இரண்டையும் நாலாம் பக்கத்தில் சிங்களத்தில் எழுதி
வரிவரியாய்த் தமிழில் வாசித்தார்.
"விளங்கினா மட்டும் கையெழுத்து."
பிறகு கேட்டார், என் பட்டியலில் இல்லாத ஒன்று:
யாரு பேருக்கு?

காம்பரா மாமனார் பேரில் இருந்தது,
பிறகு மூத்தவர் பேரில்.
ஞானசெல்வம் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே யாரோ தகரம் இறக்கும் சத்தம்.
ரெண்டு பேர் பேருக்கும், என்றேன்.
அவர் இருமினார்.
கொஞ்சம் பொறுத்துத் தலையாட்டினார்.

பதிவாகி உறுதி கைக்கு வர இன்னும் மூன்று மாதமாம்.
சாவி கிடைத்த இரவு நல்ல மழை.
பாய் மட்டும் விரித்துப் படுத்திருந்தோம்.
சுவரோரமாய்த் திடீரென்று ஒரு ஓட்டம்.
அவர் எழும்பி டோர்ச் தேடினார்,
எதுவும் உடைஞ்சிட்டுதோ என்று.
படுங்க, என்றேன்.
அது நாலாம் பக்கம்.