பத்தொன்பது கிலோ

ஜுபைல் கேம்ப், பதினாலாம் நம்பர் அறை.
மேல்கட்டில் கம்பியில் தராசை மாட்டினால்
அன்றைக்கு நான்தான் ஏர்போர்ட்.

கயிறு கட்டாதே, திருப்பி விடுவான்.
பவர்பேங்க் கையில்.
அத்தரைச் சட்டைக் கைக்குள் சுருட்டி உள்ளே வை.
முப்பதுக்கு மேல் ஒவ்வொரு கிலோவும்
ஒரு நாள் சம்பளம்.

இன்னாசியின் பெட்டி பதினொன்று காட்டியது.
தராசைத் தட்டிப் பார்த்தேன். பதினொன்றேதான்.
ஒன்பது வருஷம்.
சப்-கான்ட்ராக்டர் ஓடிப்போனதில்
கடைசி நாலு மாதம் கைக்கு வரவில்லை.

யாரும் பேசவில்லை, ஒரு நிமிஷம்.
அப்புறம் ரபியுதீன், மெதுவாக:
'அப்போ பத்தொன்பது சும்மாவா போகுது?'

பால்மாவு வந்தது. பேரீச்சை. தையல் மிஷின் மோட்டார்.
பூவலிங்கம் மகளுக்கு வாங்கி
இரண்டு வருஷமாய்க் கட்டிலடியில் கிடந்த
சக்கரச் செருப்பு; இந்நேரம் கால் வளர்ந்திருக்கும்.
அடுக்கி முடித்தேன்.
முப்பதரை.

எதை எடுப்பதென்று நான் குனியுமுன்
இன்னாசி தன் சேஃப்டி ஷூவை உருவி
காலில் மாட்டிக்கொண்டு நின்றான்,
ராத்திரி ஒரு மணிக்கு, லுங்கியோடு.
'இப்போ பாரு.'

இருபத்தொன்பது நானூறு.

'இன்னும் அறுநூறு கிராம் இருக்கே'
என்றது யாரோ, இருட்டிலிருந்து.