எர்த்

வியாழக்கிழமை காலை
டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
பஞ்சுதான் விழுந்தது.

மருந்துக்கடை க்ளாக்ஸ்விக்கில்.
நடுவில் கடல்.
ஸ்வீனோய் படகு இன்றும் இல்லை என்றது ரேடியோ,
மீன் விலை சொன்ன அதே குரலில்.

முதல் நாள் ஒன்றுமே இல்லை.
பார், எனக்கு இது தேவையே இல்லை என்று
மார்யுனிடம் பீற்றிக்கொண்டேன்.
அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
உரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் படியிறங்கும்போது
திரும்பிப் பார்த்தேன்.
செய்ததெல்லாம் அவ்வளவுதான்.
மண்டைக்குள் யாரோ ஸ்விட்சைத் தட்டினார்கள்:
ட்ஸ்.

பத்தொன்பது வருஷமாகக் கரண்ட் வேலை எனக்கு.
இந்தத் தீவின் மீட்டர் ஒவ்வொன்றும் நான் மாட்டியது.
மூன்று முறை ஷாக் வாங்கியிருக்கிறேன்,
ஒருமுறை ஏணியோடு ஆட்டுப்பட்டியில் விழுந்தேன்.
அதற்கெல்லாம் ஒரு நியாயம் இருந்தது.
கை வைத்த இடம் இருந்தது, கம்பி இருந்தது,
என் தப்பு இருந்தது.

இதற்குக் கம்பியே இல்லை.
கருவிழி இடமிருந்து வலம் போனால் ஒன்று.
திரும்பி வந்தால் இன்னொன்று.
கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ
இன்சுலேஷன் உரிந்துபோயிருக்கிறது.
நான் நின்றுவிட்டேன்,
அறை ஒரு விநாடி கழித்து வந்து நிற்கிறது.

வேர்வையில் நனைந்த தூக்கத்தில்
கடலோடு போன அண்ணன் யோக்வன் வந்தான்.
பதினைந்து ஆம்பியர் ப்யூஸ் கொடு என்றான்,
பதினைந்து, பதினைந்து.
என் பையில் எல்லாம் பத்து.

மூன்றாம் நாள் ரேடியோக்காரி
படகு ரத்துக்கு வருந்துகிறோம் என்றாள்.
அந்தப் பெண்ணுக்குத்தான் எத்தனை மரியாதை!
ஸ்பூனைக் கையில் பிடித்தபடி
தேம்பித் தேம்பி அழுதேன்.
பிறகு ஸ்பூன் மேல் கோபம் வந்து
சுவரில் எறிந்தேன்.
நாய் மேஜைக்கடியில் போய்ப் படுத்தது.
அதனிடமும் மன்னிப்புக் கேட்டேன், நீளமாக.

மார்யுன் கடைக்குப் போன் போட்டாள்.
ஸ்பீக்கரில் மருந்தாளுநர் சொன்னார்:
பழைய நோய் வந்துவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள்.
மருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கிறது,
கதவு அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.
கையில் கிடைத்ததும் ஒன்று போடுங்கள்.
விட்டதற்கெல்லாம் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் எர்த் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.
இந்த ஊர் முழுக்கப் பாறை.
ஒரு கம்பி இறக்க உயிர் போகும்.
ஹானுஸ் வீட்டில் மூன்று நாள் அடித்தேன்,
அவன் பக்கத்தில் நின்று பார்த்தான்,
மூன்று நாளில் நான்கு வார்த்தை பேசினான்.

நான்காம் நாள் காற்று களைத்தது.
படகு வந்தது.
துறையில் ஊரே நின்றது, அதாவது பதினோரு பேர்.
தபால் பை ரன்வாவின் தோளில்.
"இந்தா, உன் பிரஷர் மாத்திரை" என்றாள் உரக்க.
பிரஷர் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தேன்.
அட்டையை நீட்டிய கையின் கட்டைவிரல்
மருந்தின் பெயர் மேல் அழுந்தியிருந்தது.
நான் வாங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

பிறகு பைக்குள் குனிந்தாள்.
அதே நிறத்தில் இன்னோர் அட்டை.
"எங்க வீட்டுக்காரருக்கும் பிரஷர்தான்," என்றாள், மெதுவாக.
"எட்டு வருஷமா.
முந்தாநாள்லேர்ந்து மனுஷன்
தலையைத் திருப்பவே இல்லை."

அங்கேயே நின்று
தண்ணீரில்லாமல் ஒன்றை விழுங்கினேன்.
தொண்டையில் சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேட்டுவீட்டு ஜன்னலில் ஹானுஸ்.
கழுத்து கழி போல நேராக.
ஒரு கையை மட்டும் தூக்கினான்.
நானும் தூக்கினேன்,
கண்ணை இம்மியும் அசைக்காமல்.