நாலாம் திரி

மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு.
பிரதான வீதிக் கடையில்
இளஞ்சிவப்பு முடிந்துவிட்டதாம்.
வெள்ளையொன்று வாங்கி
மகளின் கேக் பெட்டிக் கடதாசியைச் சுற்றினேன்.
பூவரசங்குழையில் வளையம்.
வாடாதிருக்கட்டுமென்று
மழை படும்படி வாசற்படியில் வைத்ததை
விடியுமுன்னே கோட்டை மான்கள் வந்து
பாதி தின்றுவிட்டுப் போயின.
டைக் வீதியில் இது புதினமில்லை.
மீதிக் குழைக்கிடையில்
கம்பி தெரிந்தது.

“இப்பிடியேவா வைக்கப்போறீர்?” என்றார் ரெஜினோல்ட்.
“இப்பிடியேதான்.”
சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு வேலை பைலட் படகில்.
துறைமுக வாய்க்கு வெளியே
கோதுமைக் கப்பலொன்று
மூன்று நாளாய் நிற்கிறது.
வழி தெரிந்த ஒருவர்
சின்னப் படகில் வெளியே போய்
கயிற்றேணி பிடித்து ஏறினால்தான்
அந்தப் பெரிய உடம்பு உள்ளே வரும்.
வாடைக் கடல் விடவில்லை.

முதல் ஞாயிறு ஒன்று கொளுத்தினோம்.
இரண்டாம் ஞாயிறு இரண்டு.
நாலாவதின் பெயர் அன்பு என்று
மறைக்கல்வி வகுப்பில் கேட்டுவந்து
மெரிஷா எச்சரித்தாள்:
“அதுக்கு இன்னும் ரெண்டு கிழமை இருக்கு.
ஒருத்தரும் தொடக்கூடாது.”

செவ்வாய் இரவு கரண்ட் போனது.
அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு இழுப்பு.
நெபுலைசர் மேசையில் சும்மா கிடந்தது.
டோர்ச்சில் பற்றரி இல்லை.
தடவிய கையில் அகப்பட்டது
முழுசாய் நின்ற ஒரு திரி.
கொளுத்திய பிறகுதான் பார்த்தேன்,
நாலாவது.

ஆண்டவரே,
அந்த இரவு நான் உம்மை நினைக்கவில்லை.
அருள்நிறைந்த மரியே
பாதியில் நின்றுவிட்டது.
விலா எலும்புகளுக்கிடையில்
தோல் உள்ளே போவதையும் வருவதையும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
மெழுகு என் பெருவிரலில் வழிந்து
காய்ந்ததுகூடத் தெரியாது.

எதிர்வீட்டு நவ்பர்
ஜன்னலில் ஆடிய வெளிச்சத்தைக் கண்டிருக்கிறார்.
சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஓட்டோவின் படங்கில் ஒரு பக்கம் கிழிசல்,
தன் மழைக்கோட்டைக் கழற்றி
அதில் சொருகினார்.
ஆசுபத்திரி மட்டும் நனைந்தபடியே ஓட்டினார்.

மூன்று மணிக்கு
அவள் மூச்சு தன்பாட்டில் நடக்கத் தொடங்கியது.
விடியப்போல் டீசல் மணத்தோடு
ரெஜினோல்ட் வந்து நின்றார்.
“கப்பல் உள்ள வந்திட்டுது” என்றார் முதலில்.
பிறகு அவள் நெற்றியைத் தொட்டார்.
பிறகு,
“வீட்டில ஒருத்தருமில்லை,
மெழுகுதிரி மட்டும் எரிஞ்சுகொண்டிருந்தது.”

அணைக்க மறந்திருக்கிறேன்.
நல்லகாலம், வீடு பற்றவில்லை.
அதற்கு மேல் யோசிக்க அன்று நேரமில்லை.

மூன்றாம் ஞாயிறு
கேக் பெட்டிக் கடதாசி கருகி மணத்தது.
அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

இன்று நாலாவது.
எல்லாவற்றிலும் உயரமாய் நிற்கவேண்டியது
எல்லாவற்றிலும் குள்ளமாய்
கம்பிக்குள் பதுங்கி நிற்கிறது.
“இது கள்ளம்” என்கிறாள் மெரிஷா,
“இது முந்தியே தொடங்கிட்டுது.”

நான் பதில் சொல்லவில்லை.
கிழமை கிழமையாய் எண்ணி, வீடு கூட்டி,
திரைச்சீலை தோய்த்து,
நாங்கள் ஆயத்தமான பிறகு
வருகிறவர் என்றல்லவா
உம்மை நினைத்திருந்தேன்.
ஒருத்தருமில்லாத வீட்டில்
யாருக்காக எரிந்துகொண்டிருந்தீர்?

மேசை விரிப்பில் அந்த மெழுகுக் கறை
இன்னும் போகவில்லை.
சுரண்டினால் துணி கிழியும். இருக்கட்டும்.

திரி ஆழத்தில் கிடக்கிறது.
தீக்குச்சியைச் சரித்து,
விரல் சுடும்வரை பிடிக்கவேண்டியிருக்கிறது.
வெளியே படலையடியில்
ஒரு மான் வந்து
மீதிக் குழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பொறு, பிள்ளை.
பற்றிவிட்டது.