ஒட்டுச்சீட்டு

குழித்துறை கோர்ட்டில் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்
வில்பிரட் வக்கீல் பதினொன்றாம் பிரிவை வாசித்தார்.
வாய்க்கால் கரையில் நிலம் உள்ளவர்
மூன்றடி வழி விடலாம்.
‘லாம்’ என்ற இடத்தில்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விடலாம் என்றால், கனம் கோர்ட்டார் அவர்களே,
விடாமலும் இருக்கலாம்.

வெளியே மழை. ஜன்னலருகே
தாசம்மை, நனைந்த குடை,
வேலிக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்ட
இரண்டு மாடுகளின் கவலை.

மூன்று வாரம் வாய்தா வாங்கினேன்.

போனில் அந்தச் சட்டம் பளிச்சென்று கிடைத்தது.
‘இந்நாள் வரை திருத்தப்பட்டது’ என்ற வரியில்
நாள் மட்டும் இல்லை.

வக்கீல் சங்க நூலகத்தில் மூன்று பிரதிகள்.
ஒன்றில் கரையான் முகவுரையை மட்டும் விட்டுவைத்திருந்தது.
ஒன்று வில்பிரட் வைத்திருந்ததன் இரட்டை.
மூன்றாவதில், பதினொன்றாம் பிரிவின் ஓரம்
பழுப்பாய் ஒரு நீளச் சதுரம்:
கஞ்சிப்பசை காய்ந்த தடம்.
ஏதோ ஒன்று இங்கே ஒட்டி இருந்திருக்கிறது.

புத்தகத்தைத் தலைகீழாய் உதறினேன்.
மார்த்தாண்டம் பஸ் டிக்கெட், ஒரு வெள்ளிப்பூச்சி,
பிறகு, அட்டவணைப் பக்கங்களுக்குள்ளிருந்து
நகத்தளவு எழுத்தில் ஒரு சீட்டு.
‘விடலாம்’ என்பதற்குப் பதிலாக
‘விடுதல் வேண்டும்’ என்று அமைக்கப்படுக.

கத்தியிருப்பேன். நூலகர் ஸ்டான்லி
அப்போதுதான் சோற்றுப் பொதியைப் பிரித்திருந்தார்.

சீட்டின் கடைசி வரியைப் பிறகுதான் பார்த்தேன்.
அரசு குறிக்கும் நாளில் அமலுக்கு வரும்.
எந்த நாள்?
பெயர் வைத்தாயிற்று,
பிள்ளை பிறந்ததா?

களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை தாண்டி
திருவனந்தபுரத்துக்குக் காலை பஸ்.
எங்கள் தாலுகா எல்லை மாறி வந்துவிட்டது;
அதன் பழைய அரசிதழ்கள் அங்கேயே தங்கிவிட்டன.
‘கொல்லவர்ஷம் எத்ரயா?’ என்றார் எழுத்தர்.
சிங்கம் முதல் தனு நடுவரை எண்ணூற்று இருபத்து நாலு கூட்டு,
அப்புறம் இருபத்தைந்து.
கையில் கணக்கு, மூக்கில் தும்மல்,
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, கும்பம் பதினாலு:
அறிவிக்கை இருந்தது.
பிள்ளை பிறந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் தோற்றிருப்பேன்.
அந்த நாளிலிருந்து இன்றுவரை
வருடம் வருடமாக இறங்கி வர வேண்டும்,
கிணற்றுப் படி போல, ஒன்றையும் தாண்டாமல்.
தாலுகா கைமாறிச் சில வருடங்கள் கழித்து
சென்னை அரசிதழில், ஏதோ ஒரு சட்டத்தின் வால் அட்டவணையில்
நாலாவது வரியாகக் கிடந்தது:
முழுவதும் நீக்கறவு செய்யப்பட்டது.

ஸ்டான்லி கொண்டுவந்த சாயா ஆறி ஆடை கட்டிற்று.

பக்கத்தைத் திருப்பியது தைரியத்தால் அல்ல,
காற்றாடி திருப்பியது.
பின்பக்கத்தில் காப்புரை:
முன்பே எழுந்த எந்த உரிமையையும்
இந்நீக்கறவு தொடாது.
தாசம்மையின் வீட்டு ஆதாரம்
அதற்கு எட்டு வருடம் மூத்தது.

வாய்தா நாளில் வில்பிரட் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
‘ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?’
வேறொரு கட்சிக்காரருக்கு வேண்டுமாம்,
அங்கே அவர் வழி கேட்கும் பக்கம்.

சாயங்காலம் அதை மறுபடி ஒட்டினேன்.
கீழே பென்சிலால் தேதி போட்டு, ‘பார்த்தது’ என்று எழுதினேன்.
பேனா எடுக்கக் கை வரவில்லை.

‘வக்கீலம்மா, எனக்க வழி எனக்கு உண்டா, இல்லியா?’
‘நேற்று வரை உண்டு’ என்றேன்.
‘இன்றைய அரசிதழ் இன்னும் வரவில்லை.’
தாசம்மை என்னைப் பாவமாகப் பார்த்தார்.
மாடுகளுக்கு நேரமாகிறது என்று
குடையை விரித்தார்.