கழிவு

சிங்கப்பூரிலிருந்து வந்தவர்
வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.
பாடாங் செராயில் யாரும் எதையும்
அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.
உரம் போடுகிறவர்களுக்குத் தருவதாகச் சொன்ன கையுறைகூட
இன்னும் வந்தபாடில்லை.

எடைமேடை அறையில் வைத்துத்தான் பார்த்தோம்.
சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு வெளியே
செம்பனைப் பழ லோரிகள் வரிசை கட்டி நின்றன.
ரசீதுக் கட்டை ஒதுக்கிவிட்டு
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி
மேசையில் கித்தாரைக் கிடத்தினேன்.

எண்பத்தொன்பதில் வாங்கியது. அடகுக்கடையில்
மீட்காமல் கிடந்தது. பெட்டி இல்லை.
‘ரெக்ஸ் ராயப்பன் வாசிச்சது’ என்றார் கடைக்காரச் சீனர்.
விலையேற்றத்தான் சொல்கிறார் என்று
இருபது வெள்ளி குறைத்துக் கேட்டேன்.
இருநூறுக்கு முடிந்தது.
முப்பது வருசம் வாசித்தேன்: கல்யாணங்கள்,
மில்லின் ஆண்டு விருந்து, ஒரு தேர்தல் கூட்டம்
(அதற்கு இன்னும் பாக்கி).

அவர் கைப்பேசியில் ராயப்பனின் பழைய படத்தைப் பெரிதாக்கி
மரத்தின் ரேகையோடு ரேகையை ஒத்துப் பார்த்தார்.
‘இதேதான்’ என்றபோது
குரல் லேசாக நடுங்கியது.
அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஒன்று எழுபதில் தொடங்கினார். ஆயிரத்தில்.
ராயப்பன் இல்லாவிட்டால்? என்று கேட்டேன்.
‘பதினெட்டு.’

தலைப்பக்கம் சிகரெட் சுட்ட வடு:
ராயப்பனுடையது, இருபது கூடியது.
முழங்கை உரசிச் சாயம் போன இடம், பதினைந்து.
கீழோரம் சில்லு தெறித்தது யார்?
நான்தான். மண்டபத்தில் ஒயர் தடுக்கி.
ஐந்து கழிந்தது.
முறுக்காணிகளை மாற்றியது நான், பன்னிரண்டு.
கருகிப்போன காந்தச் சுருளை
பட்டர்வொர்த்துக்கு பஸ்ஸில் தூக்கிப்போய்
புதுக்கம்பி சுற்றி வாங்கி வந்ததும் நான்.
இருபது.
அவர் கெடுத்ததெல்லாம் வரவு.
நான் சரிபண்ணியதெல்லாம் செலவு.

கோபப்பட வாயில்லை எனக்கு.
இதே நாற்காலியில் உட்கார்ந்து
காம்பு நீளம், ஈரம், காய்க்குலை என்று
எத்தனை சிறுதோட்டக்காரர்களுக்குக் கழித்திருக்கிறேன்.
இப்படித்தான் நிற்பார்கள் அவர்களும்,
என் பேனா முனையையே பார்த்தபடி.

கடைசியாகக் கழுத்தைக் கழற்றினார். நான்கு திருகுகள்.
முப்பது வருசத்தில் நான் கழற்றாதது அது ஒன்றுதான்.
உள்ளே, தந்திகள் உரசாதிருக்க முட்டுக்கொடுத்து,
நாலாய் மடித்த ஒரு காகிதம்.
தோட்டத்துச் சம்பளச் சீட்டு. அறுபத்து மூன்று, மே.
பெயர்: மதலேனாள் ராயப்பன். பால்வெட்டு.
‘அவர் அம்மா!’ என்று கையுறையோடு கைதட்டினார்.
‘இதற்கு மட்டும் எட்டு.’

நான் படித்தேன். பழக்கதோஷம்.
இருபத்திரண்டு நாள், இரண்டு எண்பது வீதம்
அறுபத்தொன்று அறுபது.
அரிசி பதினாலு. முன்பணம் பத்து.
கோயில் சந்தா ஒன்று.
கையில் கொடுத்தது முப்பத்து நாலு.

மறுபடி கூட்டினேன். கணக்கு மிஷினிலும் தட்டினேன்.
இரண்டு வெள்ளி அறுபது காசு
குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

‘இது என்னிடம் இருக்கட்டும்’ என்றேன்.
‘அந்த எட்டைக் கழிக்க வேண்டியிருக்கும், மேடம்.’
‘கழிச்சுக்குங்க.’

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.
வெளியே ஒரு லோரி ஹாரன் அடித்தது, பின்னாலேயே இன்னொன்று.
முட்டு இல்லாமல் தந்தி கிர்ரென்கும்.
கட்டிலிருந்து காலையில் எழுதிக் கெட்டுப்போன ரசீது ஒன்றைக் கிழித்து
நாலாய் மடித்துக் கொடுத்தேன்.
கச்சிதமாக உட்கார்ந்தது.

அதோடுதான் போயிருக்கிறது கித்தார்
ஏதோ ஒரு குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள்.
லோரி 4471. பழம் பன்னிரண்டு டன்.
காம்பு நீளம்.
கழிவு இரண்டு விழுக்காடு.