முப்பத்தோராம் பக்கம்

வடக்கு டகோட்டாவில் மார்ச் மாதம் என்பது
பெயரளவில் வசந்தம்.
அரசுக் கல்லூரியின் கணக்குப் பிரிவில்
பதினோரு வருடமாய்த் தட்டச்சு செய்கிறேன்.
வெர்னா ஹால்வர்சன் என் பெயர்.
பந்தெறிந்தால் பிடிக்கத் தெரியாது.
கூட்டல் தெரியும்.

பட்ஜெட்டுக்கென்று ஒரு நடை உண்டு.
ஃபுட்பால் நான்காம் பக்கத்தில்
கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.
பெண்கள் முப்பத்தொன்றில்,
புல்வெட்டும் இயந்திரத்துக்கும்
எலிமருந்துக்கும் நடுவே.

ஃபுட்பால் அணியின் துண்டுகள் துவைக்க:
நாலாயிரத்து நூறு டாலர்.
பெண்கள், எல்லா விளையாட்டும் சேர்த்து:
இரண்டாயிரத்து முந்நூறு.

எல்லா விளையாட்டும் என்றால் மூன்று.
மூன்றுக்கும் ஒரே சட்டை.
இலையுதிர்காலத்தில் வாலிபால் ஆடிய வியர்வை
ஏப்ரலில் ஓட்டப்பந்தயம் ஓடும்.
முதுகில் எண்கள் வெறும் பிளாஸ்திரி.
ரோண்டா யெல்லோபேர்டின் ஏழு
பாதி ஆட்டத்தில் மேல்கோடு உரிந்து
ஒன்றாகிவிடும்.
ஃபவுலை யார் கணக்கில் எழுதுவதென்று
நடுவர் பேனாவோடு நிற்பார்.

அரங்கம் அவர்களுக்கு இரவு ஒன்பதுக்கு மேல்.
ஆண்கள் குளித்துப் போனபின்
குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர்.

பயிற்சியாளர் லோயிஸ் டிட்மர்
நாலு வகுப்பு எடுக்கிறாள்;
பயிற்சிக்குச் சம்பளம் இல்லை.
அவளுடைய காரே அணியின் பேருந்து.
ஒருநாள் காப்பி டப்பாவைக்
கவிழ்த்தாள் என் மேசையில்:
ஆப்பிள் கேக் விற்ற சில்லறை,
நாற்பத்தோரு டாலர் அறுபது சென்ட்.
"இதை எந்தத் தலைப்பில் வரவு வைக்க?" என்றேன்.
வேடிக்கையாகத்தான் கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

வாஷிங்டனிலிருந்து சட்டம் வந்து
நாலு வருடம் ஆகியிருந்தது.
நகல் என் இழுப்பறையில்தான்,
கார்பன் தாளுக்கு அடியில்.
யாரும் கேட்கவில்லை.
நானும் எடுத்து நீட்டவில்லை.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றிரவு பட்ஜெட்டை மறுபடி அடித்தேன்.
ஓர் எண்ணைக்கூடத் தொடவில்லை.
மாற்றியது இடத்தை மட்டும்.
துண்டுக்குக் கீழே பெண்கள்.
அவ்வளவுதான்.
இடைவெளி ஒரு வரி.

வாரியக் கூட்டத்தில் ஆர்ல் ஸ்வென்ட்சென்,
தானியக் கிடங்குக்காரர்,
எதையும் உரக்க வாசித்தே பழக்கப்பட்டவர்.
கோதுமை விலை படிக்கிற அதே குரலில்
துண்டைப் படித்தார்.
அடுத்த வரியைப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"தட்டச்சுப் பிழையா, மிஸ் ஹால்வர்சன்?"
"கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்."

யாரோ இருமினார்கள்.
பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்பதில்லை
என்றது ஒரு கழுத்துப்பட்டை.
பின் வரிசையிலிருந்து லோயிஸ் கேட்டாள்:
"நூலகத்துக்குப் போன வருடம்
எத்தனை டிக்கெட் விற்றோம்?"

கேட்டது பதினோராயிரம்.
தந்தது ஆறு.
துண்டுகளில் ஒரு சென்ட்டும் குறையவில்லை;
அவை இன்றும் வெள்ளை வெளேர்.
இதை வெற்றி என்று எழுதினால்
தணிக்கையில் மாட்டிக்கொள்வேன்.

ஆகஸ்டில் மினியாபொலிஸ் காலணிக் கடையிலிருந்து போன்.
"பதினாலு ஜோடி, பெண்கள் அளவு என்றிருக்கிறதே.
தவறி அடித்துவிட்டீர்களா அம்மா?
வழக்கமாய்ப் பையன்களின் சின்ன அளவைத்தானே
அனுப்புவோம்?"

ஆர்டரின் நகலை விளக்கடியில் பிடித்து
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
ஆறரை. ஏழு. ஏழு.
ஒன்பது, ரோண்டாவுக்கு.
காரின் ஊல்சனுக்குப் பத்தரை;
இத்தனை நாள் அண்ணனின் பழைய ஷூவில்
நுனிக்குக் காகிதம் திணித்து ஓடியவள்.

"எழுதிக்கொள்கிறீர்களா?" என்றேன்.
மறுமுனையில்
பென்சில் தேடும் சத்தம்.